மடியில் தொடங்கும் கலை: பாலித் தீவின் ஊர்க்கூடமும் எங்கள் எல்லையோர அங்கன்வாடிகளும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

பாலக்காடு மாவட்டம், சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறையை அடுத்த ஒரு சிற்றூரில் 31 ஆண்டுகள் அங்கன்வாடி டீச்சராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். கடந்த கிராமசபைக் கூட்டத்தில் நான் ஒரு கோரிக்கையை முன்வைத்தேன். அங்கன்வாடிச் சுவரில் கார்ட்டூன் உருவங்கள் வரையவும் பிளாஸ்டிக் விளையாட்டுப் பொருட்கள் வாங்கவும் ஒதுக்க இருக்கும் தொகையிலிருந்து ஒரு சிறு பங்கை எடுத்து, எங்கள் ஊரிலேயே கோலம் போடவும், குருத்தோலை பின்னவும், கும்மியடிக்கவும், கதை சொல்லவும் தெரிந்த பெரியவர்களை மாதம் ஒரு நாள் குழந்தைகளிடம் அழைத்து வந்து, அவர்களுக்கு அன்றைய கூலியைக் கொடுக்கலாம் என்பதே அந்தக் கோரிக்கை. "மூன்று வயதுப் பிள்ளைக்குக் கலையைப் பற்றி என்ன தெரியும்? பள்ளிக்கூடம் போனபிறகு கலோத்சவம் இருக்கிறதே" என்று, பள்ளிக் கலைவிழாவைச் சுட்டிப் பதில் வந்தது. அப்படிச் சொன்னவர் குழந்தைகள் மீது அக்கறை இல்லாதவர் அல்லர். எங்கள் பகுதியில் பெரும்பாலானோர் அவ்வாறே எண்ணுகிறார்கள் என்பதால்தான் அந்தப் பதில் என்னை உறங்கவிடவில்லை. இக்கடிதம் சற்று நீள்வதும் அதனால்தான்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் மகளும் மருமகனும் என்னை இந்தோனேசியாவின் பாலித் தீவுக்கு அழைத்துச் சென்றார்கள். கியான்யார் மாவட்டத்தில், நெல்வயல்களுக்கு நடுவே இருந்த ஒரு கிராமத்து வீட்டில் ஆறு நாட்கள் தங்கினோம். முதல் நாள் இரவு, சாப்பாட்டுக்குப் பின், வெண்கலத் தகடுகளைத் தட்டும் ஒலி கேட்டு அந்தத் திசையில் நடந்துபோனேன். சுவர் இல்லாமல் தூண்கள் மட்டுமே தாங்கிய ஒரு கூடத்தில், இருபதுக்கும் மேற்பட்ட ஆண்கள் தரையில் அமர்ந்து கமெலான் என்னும் தங்கள் கூட்டு வாத்தியத்தை வாசித்துப் பழகிக்கொண்டிருந்தார்கள். ஒருவருடைய மடியில் மூன்று வயதுகூட நிரம்பாத ஒரு பையன் இருந்தான். தட்டும் கட்டை அவன் கையில், அவன் கை தந்தையின் கைக்குள். மத்தளக்காரருக்குப் பக்கத்தில் இன்னொரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. வாசலில் நான்கைந்து சிறுமிகள் தங்களுக்குள் ஆடிக்கொண்டிருந்தார்கள். அந்தக் குழந்தைகளுக்கு யாரும் எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. "போய்த் தூங்கு" என்று யாரும் விரட்டவும் இல்லை. ஆறு நாட்களில் நான்கு இரவுகள் நான் அந்தக் கூடத்துக்குப் போனேன். ஊர் திரும்பிய பிறகு, கிடைத்ததையெல்லாம் படித்து, நான் கண்டது என்ன என்று புரிந்துகொள்ள முயன்றேன்.

அந்தக் கூடத்துக்கு 'பாலே பஞ்ஜார்' என்று பெயர். பஞ்ஜார் என்பது ஊரின் ஒரு பகுதியில் வாழும் குடும்பங்கள் சேர்ந்த அமைப்பு. சாவு, கல்யாணம், கோயில் திருவிழா, ஊர்க்கூட்டம் ஆகிய அனைத்தும் அதன் வழியாகவே நடக்கின்றன. இசைக்கென்று, நடனத்துக்கென்று, நெல் அறுவடைக்கென்றுகூட, 'செகா' எனப்படும் சிறு குழுக்களை மக்கள் தாமே அமைத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலான ஊர்களில் கமெலான் வாத்தியங்கள் ஊருக்குச் சொந்தம். தனி ஒருவர் வீட்டில் பூட்டி வைக்கப்படுவதில்லை. கோயிலுக்காகக் கூலி வாங்காமல் ஆடுவதையும் வாசிப்பதையும் சமைப்பதையும் 'ஙயா' என்ற ஒரே சொல்லால் குறிப்பிடுகிறார்கள். நம் ஊரில் உழவாரப்பணி என்று சொல்கிறோமே, ஏறக்குறைய அதே உணர்வுதான். ஆனால் அங்கே புல் செதுக்குவது போலவே பாடுவதும் ஆடுவதும் அந்தப் பணிக்குள் அடங்குகின்றன. ஆகவே அங்கே கலையைக் குழந்தைக்கு 'அறிமுகப்படுத்த' வேண்டிய தேவை முன்பெல்லாம் எழுந்ததே இல்லை. பெரியவர்கள் செய்யும் இடத்தில் குழந்தையும் இருந்தது; அவ்வளவுதான்.

1930களில் அங்கே சென்று ஆய்ந்த மானிடவியல் அறிஞர்கள் இதைக் கூர்ந்து கவனித்திருக்கிறார்கள். 1936 முதல் சில ஆண்டுகள் அங்கே தங்கிய மார்கரெட் மீட், கிரெகரி பேட்சன் ஆகிய இருவரும், பாலிக் குழந்தை நடனத்தைக் காதால் கேட்டும் கண்ணால் பார்த்தும் கற்பதோடு, உடலால் கற்கிறது என்பதை ஆயிரக்கணக்கான புகைப்படங்களுக்கு நடுவே பதிவு செய்தார்கள். ஆசிரியர் குழந்தையின் பின்னால் நின்று, அதன் இரு மணிக்கட்டுகளையும் பிடித்து, தன் உடலோடு சேர்த்து அதன் உடலை அசைக்கிறார். 'அகெம்' எனப்படும் அடிப்படை நிலையில், முழங்கால் மடங்கி, முழங்கை தோளுயரத்துக்கு எழுந்து நிற்க வேண்டும் என்பதை அந்தக் குழந்தைக்கு வாயால் விளக்கவே முடியாது. கை பிடித்து நிறுத்தினால் மறுகணம் விளங்கிவிடுகிறது. நம் பாட்டிமார் கைக்குழந்தையின் இரு கைகளையும் பிடித்து வீசிவிட்டுப் பாடுவதும் இதே வழிதான் என்பதை நினைத்துப் பார்க்கும்போது, நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் ஒன்றைத்தான் நாம் இரண்டு வயதோடு நிறுத்திவிடுகிறோம் என்று எனக்குத் தோன்றுகிறது.

கமெலான் இசையின் அமைப்பிலேயே குழந்தைகளுக்கான ஒரு பாடம் இருக்கிறது. அதில் 'கொத்தேகான்' என்றொரு முறை உண்டு. ஒரே பாட்டின் வேகமான சுரங்களை இருவர் பங்கிட்டுக்கொள்கிறார்கள். 'போலோஸ்' என்னும் பகுதியை ஒருவர் வாசிக்க, அவர் விட்ட இடைவெளிகளில் 'சங்சிஹ்' என்னும் பகுதியை மற்றவர் நிரப்புகிறார். தனித்தனியே கேட்டால் இரண்டும் துண்டு துண்டாக ஒலிக்கும், சேர்ந்தால்தான் பாட்டு. வாத்தியங்களும் ஜோடி ஜோடியாகவே செய்யப்படுகின்றன. ஒன்றைவிட மற்றொன்று மிகச் சிறிதளவு சுருதி உயர்ந்திருக்கும்; இரண்டையும் ஒருசேரத் தட்டும்போதுதான், 'ஓம்பாக்', அதாவது அலை, என்று அவர்கள் சொல்லும் அந்த நடுங்கும் ஒலி பிறக்கிறது. சாயான் என்ற ஊரில் 1930களில் வாழ்ந்த இசையமைப்பாளர் காலின் மெக்ஃபீ, அங்க்லுங் எனப்படும் சிறிய வகைக் கமெலானை ஊர்ச் சிறுவர்களிடம் கொடுத்தபோது, அந்தப் பிள்ளைகள் பெரியவர்களைப் போலவே தங்களுக்கென்று ஒரு செகாவை அமைத்துக்கொண்டார்கள். நான்கே சுரங்கள் கொண்ட வாத்தியம் அது. இன்று பாலியின் தலைநகரான தேன்பசாரில் 1979 முதல் ஆண்டுதோறும் நடைபெறும் பாலிக் கலைவிழாவில் சிறுவர் கமெலான் குழுக்கள் வாசிப்பதைக் காணலாம். நம்மிடமும் இதற்கு நிகரான ஒன்று உண்டு. பின்னல் கோலாட்டத்தில் ஒரு பிள்ளை தடம் மாறினால் கயிறு சிக்கிவிடும்; ஆகவே ஒவ்வொரு பிள்ளையும் மற்ற எல்லாப் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டே ஆட வேண்டும். நான்கு வயதுக் குழந்தைக்குப் பின்னல் கடினம். ஆனால் எதிரே நிற்கும் குழந்தையின் கோலில் தன் கோலைத் தட்டுவது கடினம் அன்று.

பாலியில் நாங்கள் தங்கிய வீட்டில் காலையில் நான் கண்ட ஒரு காட்சியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இளந்தென்னை ஓலையைக் கிழித்து, மூங்கில் ஈர்க்கால் குத்தி, உள்ளங்கை அளவு தட்டு செய்து, அதில் பூக்களை வைத்துத் தினமும் படைக்கிறார்கள். 'சனாங் சாரி' என்று அதற்குப் பெயர். கிழக்கே வெள்ளைப் பூ, தெற்கே சிவப்பு, மேற்கே மஞ்சள், வடக்கே நீலம் அல்லது பச்சை என்று நிறத்துக்கும் திசைக்கும் முறை இருக்கிறது. வீட்டுப் பெண்மணி ஓலை மடிக்க, அவருடைய நான்கு வயதுப் பேத்தி பூக்களை நிறவாரியாகப் பிரித்துக் குவித்தாள். ஒரு பூ தவறிப்போனபோது பாட்டி ஒன்றும் சொல்லாமல் அதை எடுத்து அடுத்த குவியலில் வைத்தார், பேத்தி பார்த்துக்கொண்டாள். நிறம் அறிதல், வகை பிரித்தல், எண்ணுதல், திசை அறிதல், விரல் நுனிகளின் வலிமை ஆகியவற்றுக்காக நாங்கள் அங்கன்வாடியில் அட்டைகளையும் மணிகளையும் வைத்துக்கொண்டு எத்தனையோ பயிற்சிகள் செய்திருக்கிறோம். அவை அனைத்தும் அந்தப் பாட்டியின் முன்னால் இருந்த ஒரு மூங்கில் தட்டில் இருந்தன.

குருத்தோலை என்ற சொல் தமிழிலும் மலையாளத்திலும் ஏறக்குறைய ஒன்றே. எங்கள் சித்தூர் வட்டம் தென்னைக்கும் பனைக்கும் பெயர்பெற்ற பகுதி. திருவிழாப் பந்தலில் தோரணம் கட்டுவோருக்கு ஓலைக்கிளியும் ஓலைப்பாம்பும் பீப்பியும் பந்தும் செய்யத் தெரியும். என் பிள்ளைப் பருவத்தில் அவர்கள் வேலை செய்யும் இடத்தில் நாங்கள் சுற்றி உட்கார்ந்திருப்போம். கழித்த ஓலை எங்களுக்கு. இன்று தோரணம் வண்டியில் வந்து இறங்குகிறது. குழந்தைகள் கட்டி முடித்த பந்தலைத்தான் பார்க்கிறார்கள்.

ஓவியத்தைப் பற்றியும் சில செய்திகள். குளுங்குங் பகுதியில் உள்ள காமசான் என்ற ஊர், பாவைக்கூத்தின் உருவங்களைத் துணியில் தீட்டும் பழமையான மரபுக்குப் புகழ்பெற்றது. துணிக்கு அரிசிமாவுக் கஞ்சி ஏற்றி, காயவைத்து, சோழியால் தேய்த்து வழவழப்பாக்கிய பிறகு, முதன்மை ஓவியர் கோடு வரைவார். வண்ணம் இடுவதில் குடும்பத்தாரும் பழகுநர்களும் கைகொடுப்பார்கள். ஒரே படத்தில் திறமை மிக்கவருக்கும் புதிதாகத் தொடங்குபவருக்கும் இடம் இருக்கிறது. அவ்வூர் ஓவியர் நியோமன் மந்த்ரா, தம் வீட்டுச் சூழலிலேயே ஊர்ப் பிள்ளைகளுக்குப் பல ஆண்டுகள் இக்கலையைக் கற்பித்து வந்தார். வேறொரு வழியும் அத்தீவிலேயே உண்டு. 1960ஆம் ஆண்டளவில், உபூதுக்கு அருகே பெனெஸ்தானான் ஊரில், நெதர்லாந்தில் பிறந்த ஓவியர் ஆரி ஸ்மிட், வயல்வேலை செய்துகொண்டிருந்த சிறுவர்களுக்கு வண்ணங்களைக் கொடுத்து, தம் பாணியை அவர்கள்மேல் திணிக்காமல் வரையவிட்டார். அவர்கள் பளிச்சிடும் நிறங்களில் வரைந்த வானமும் வயலும் திருவிழாவும் பின்னாளில் 'இளம் ஓவியர்' பாணி என்று பெயர் பெற்றன. அவர்கள் மழலையர் அல்லர் என்பது உண்மை. ஆயினும், தன் ஊரைத் தானே பார்த்து வரைந்த குழந்தைக்கும், அச்சிட்ட படத்துக்குள் வண்ணம் நிரப்பும் குழந்தைக்கும் உள்ள வேறுபாட்டை அங்கன்வாடியில் நாள்தோறும் கண்டவள் என்ற முறையில், இதை இங்கே குறிப்பிடாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

இனி, எங்கள் மாவட்டத்துக்கு மிக நெருங்கிய செய்திக்கு வருகிறேன். பாலியின் தோல்பாவைக்கூத்தான 'வயாங் குலித்'தில், 'தலாங்' எனப்படும் ஒரே கலைஞர் எண்ணெய் விளக்கின் முன் அமர்ந்து, எல்லாப் பாவைகளையும் ஆட்டி, எல்லாக் குரல்களையும் பேசி, கால் விரலிடுக்கில் பிடித்த கட்டையால் பாவைப் பெட்டியைத் தட்டித் தாளமும் கொடுக்கிறார். இராமனும் அருச்சுனனும் 'கவி' என்ற பழைய மொழியில் பேசுவார்கள். அது பெரியவர்களுக்கே எளிதில் விளங்காது. துவாலென், மெர்டா முதலிய பணியாள் பாத்திரங்கள் அதை அன்றாட பாலி மொழியில் சொல்லிச் சிரிக்க வைப்பார்கள். குழந்தைக்கு முதலில் பிடிப்பது துவாலெனைத்தான். இராமனை அது பின்னால் அறிந்துகொள்ளும். இதையே நாம் நம் தோல்பாவைக்கூத்தில் காண்கிறோம். பாலக்காடு, திருச்சூர், மலப்புறம் மாவட்டங்களின் பகவதி கோயில்களில், கூத்துமாடம் எனப்படும் 42 அடி நீள மேடையில், 21 விளக்குகளின் ஒளியில், மலையாள மண்ணில், கம்பனின் தமிழ்ப் பாடல்களைப் பாடி, தமிழும் மலையாளமும் கலந்த நடையில் விளக்கம் சொல்லி இரவு முழுதும் ஆடுகிறார்கள். எல்லையில் வாழும் ஒரு தமிழ்க் குழந்தைக்கு, அதன் வீட்டு மொழியும் ஊர் மொழியும் ஒரே திரையில் சேர்ந்து ஒளிரும் வேறொரு கலை உண்டா என்று எனக்குத் தெரியவில்லை. கூனத்தறையைச் சேர்ந்த இராமச்சந்திர புலவருக்கு 2021இல் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது நமக்குப் பெருமை. ஆனால் பல இரவுகளில் பகவதியைத் தவிர வேறு யாரும் இல்லாத வெளியை நோக்கி அக்கூத்து நடக்கிறது என்பதும் எல்லோரும் அறிந்ததே. அடுத்த தெருவில் நான்கு வயதுக் குழந்தை கைப்பேசித் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரம் அது.

பாலியையே அப்படியே இங்கே கொண்டுவந்து இறக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அத்தீவு மக்களே 'தேச கால பாத்ர' என்று ஒரு தொடரை அடிக்கடி சொல்வார்கள். இடமும் காலமும் சூழலும் அறிந்து செய்ய வேண்டும் என்பது அதன் பொருள். நம் அங்கன்வாடிக்கு வரும் பிள்ளைகளில் ராவுத்தர் வீட்டுப் பிள்ளைகள் உண்டு, கிறிஸ்தவப் பிள்ளைகள் உண்டு. கோயில் சடங்கை அங்கே நடத்துவது முறையன்று. கலையின் பெயரால் யாருடைய பிள்ளையும் கூச்சப்பட்டு ஓரமாக நிற்கக் கூடாது. இதற்கும் பாலியர் ஒரு வழி கண்டிருக்கிறார்கள். சுற்றுலாப் பயணிகளுக்காகப் புனித நடனங்களும் ஆடப்படுவதைக் கண்டு கவலையுற்ற அவர்கள், 1971இல் கூடி ஆராய்ந்து, தம் நடனங்களைக் கோயிலின் உள்முற்றத்துக்குரிய வாலி, சடங்கோடு இணைந்த பெபாலி, மக்கள் கண்டு மகிழ்வதற்கான பாலிஹ்-பாலிஹான் என மூன்றாக வகுத்தார்கள். யுனெஸ்கோ 2015இல் பாலி நடனங்களைத் தன் பட்டியலில் சேர்த்ததும் இந்த மூன்று வகைகளின் பெயரிலேதான். நம் தோல்பாவைக்கூத்தும் கோயிலுக்கு வெளியே, மேடைகளிலும் பள்ளிகளிலும், குறுகிய நேர நிகழ்ச்சியாகப் பல ஆண்டுகளாக நடந்து வருகிறது. முயலும் யானையும் மயிலும் திரையில் வரும் பதினைந்து நிமிடக் கதை மழலையருக்குப் போதும். பிறகு அவர்கள் திரைக்குப் பின்னால் போய், விளக்கையும் பாவையையும் தொட்டுப் பார்க்கட்டும்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். இதை மேடை நிகழ்ச்சியாக மாற்றிவிட வேண்டாம். சில ஆண்டுகளுக்கு முன், ஓர் ஆண்டுவிழாவில், நான்கு வயதுச் சிறுமி ஒருத்திக்குக் கனத்த ஒப்பனை போட்டு, மூன்று மணி நேரம் காத்திருக்க வைத்து, ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டைப் போட்டு மேடையில் நிறுத்தினார்கள். அவள் பயந்து அழுதாள். சுற்றி நின்ற பெரியவர்கள் கைப்பேசியில் படம் எடுத்தார்கள். நானும் அந்த விழாக் குழுவில் இருந்தேன், தடுக்கவில்லை. அதற்குப் பிறகு அந்தக் குழந்தை வட்டமாக நின்று கைதட்டும் விளையாட்டுக்குக்கூடப் பல வாரங்கள் வரவில்லை. பஞ்ஜார் கூடத்து மடியில் இருந்த பையனை யாரும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை என்பதே அவனுக்குக் கிடைத்த பெரும் பேறு.

நான் கேட்பது மிகச் சிறியது. 1975 அக்டோபர் 2இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின்கீழ், இன்று கேரளத்தில் 33,000க்கும் மேற்பட்ட அங்கன்வாடிகள் இயங்குகின்றன. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும், மழலைப் பருவக் கல்வியில் அந்தந்தப் பகுதியின் கலை, கதை, பாடல், விளையாட்டு மரபுகளைச் சேர்க்க வேண்டும் என்கிறது. அக்கொள்கையின் பிற பகுதிகள் குறித்துக் கேரளத்தில் உள்ள கருத்து வேறுபாடுகளுக்குள் நான் போகவில்லை. இந்த ஒரு வரியில் யாருக்கும் மறுப்பு இருக்க முடியாது. "விதிமுறையில் எங்கே இருக்கிறது?" என்று கேட்போருக்காகவே இதைச் சொல்கிறேன். மாதத்தில் ஒரு காலை வேளை, சத்துணவுக்கு முன் ஒன்றரை மணி நேரம், ஊர்ப் பெரியவர் ஒருவர் வரட்டும். அவர் தம் வேலையைச் செய்யட்டும். பாடம் நடத்த வேண்டாம். கோலம் போடுபவர் கோலம் போடட்டும். பக்கத்தில் ஒரு கிண்ணம் மாவை வைத்துவிட்டால் குழந்தைகள் தாமே விரலை விடுவார்கள். கும்மிக்குத் தாய்மார் வரட்டும். இடுப்பில் இருக்கும் கைக்குழந்தையும் அந்த வட்டத்துக்குள் இருக்கட்டும். எங்கள் பகுதியின் நாட்டுப்புறக் கூத்தான பொறாட்டு நாடகத்தில் தமிழும் மலையாளமும் கலந்து பாடுகிறவர்கள் இன்றும் எங்கள் பக்கத்தில் இருக்கிறார்கள். அவர்கள் ஒரு பாட்டுப் பாடட்டும். வருபவருக்குப் பொன்னாடை வேண்டாம், அன்றைய கூலி வேண்டும். பாலியில் ஙயா என்பது கூலியற்ற பணி என்றாலும், அங்கே அந்த மனிதரைத் தாங்கிப் பிடிக்க பஞ்ஜார் இருக்கிறது. இங்கே ஓலை பின்னும் முதியவர் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வந்தால், அன்றைக்கு அவர் வீட்டில் அடுப்பு எரிவது சிரமம்.

மொழி குறித்தும் ஒரு சொல். 1956இல் கேரளம் உருவானபோது எல்லைக்கு இப்பக்கம் இருந்துவிட்ட எங்களைப் போன்றோரின் பிள்ளைகளுக்கு, தொடக்கக் கல்வியில் தாய்மொழி கிடைக்க வேண்டும் என்று அரசியலமைப்பின் 350ஏ பிரிவு சொல்கிறது. ஆனால் அங்கன்வாடியில் அடியெடுத்து வைக்கும் பல பிள்ளைகள் முதல் சில வாரங்கள் வாயே திறப்பதில்லை. வீட்டில் தமிழ், இங்கே பாட்டும் பேச்சும் மலையாளம். மலையாளம் பேசும் பிள்ளை தமிழ்ப் பிள்ளைகளுக்கு நடுவே அமர்ந்தாலும் அதே நிலைதான். கோலப்புள்ளிக்கும் ஓலைப்பந்துக்கும் கைத்தாளத்துக்கும் அந்தத் தயக்கம் கிடையாது. பேசாத பிள்ளை முதலில் கையால் சேர்ந்துகொண்டு, பிறகு வாய் திறந்ததை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

வரும் ஆண்டுக்கான ஊராட்சித் திட்டத்தில் இதற்கு இடம் தரும்படி எங்கள் வார்டு உறுப்பினரிடமும் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலகத்திடமும் எழுத்து வடிவில் மீண்டும் கேட்க இருக்கிறேன். வேலந்தாவளம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் பகுதிகளில் உள்ள பெற்றோர்களும் தத்தம் கிராமசபைகளில் இதைக் கேட்க வேண்டும் என்பதற்காகவே தங்கள் நாளிதழ் வழியாக எழுதுகிறேன். எங்கள் ஊரில் ஓலைக்கிளி செய்யத் தெரிந்தவர்கள் இப்போது இருவர்தாம். மூத்தவருக்கு 81 வயது. கிராமசபை முடிந்து திரும்பும் வழியில் அவரிடம் கேட்டேன். செவ்வாய்க்கிழமை தவிர எந்த நாள் கூப்பிட்டாலும் வருவதாகச் சொன்னார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அங்கன்வாடி டீச்சர்,
கொழிஞ்சாம்பாறை வழி, பாலக்காடு மாவட்டம்.